பட்டமளிப்பு மேடையில் பெண்களிடம் ‘விடாதீர்கள்’ என்று சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் 23 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். தமிழ் டீச்சர் என்றால் பேச்சுப் போட்டிக்கு நடுவராவது, வரவேற்புரை எழுதித் தருவது, மேடையில் சீஃப் கெஸ்ட் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பது எல்லாம் தானாகவே தலையில் வந்து விழும். ஓய்வு பெற்ற பிறகும் போன் நிற்கவில்லை. வகுப்பின் சார்பில் பேசப் போகும் மாணவி கூப்பிடுவாள். விருந்தினர் பேச்சைக் கேட்டுக் கடுப்பானவள் கூப்பிடுவாள். பத்து வருடம் முன்பு என்னிடம் படித்து, இப்போது தானே விருந்தினராகப் போகிறவளும் கூப்பிடுவாள். மூவரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

கிராஜுவேஷன் டேயில சீஃப் கெஸ்ட் பேசறதும் யுனிவர்சிட்டி கான்வொகேஷன்ல பேசறதும் ஒண்ணுதானா மேடம்?

சடங்கு வேறு. பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துடையது. அங்கே வேந்தர், துணைவேந்தர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ‘பட்டமளிப்பு உரை’ என்று அழைப்பிதழிலேயே அச்சாகியிருக்கும். கல்லூரி தனியாக நடத்தும் கிராஜுவேஷன் டே வாடகை கவுன், டெபாசிட், போட்டோ என்று கொஞ்சம் தளர்வாகப் போகும்.

பேச்சுக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே வேலை. மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்கள் நாளைக்கு ஆளுக்கு ஒரு திசையில் போகப் போகிறார்கள். அதற்கு முன் அவர்களை ஒன்றாகப் பார்த்துப் பேசக் கிடைக்கும் கடைசி அரை மணி நேரம் இது. பாதிப் பேர் காதில் வாங்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பாலியெஸ்டர் கவுனுக்குள் வியர்த்துக்கொண்டிருப்பவளுக்கு அறிவுரை எப்படி ஏறும்?

ரெட்டரிக்னா வார்த்தை ஜாலம்தானே? உண்மையைப் பேசறவங்களுக்கு அது எதுக்கு?

‘அணி’ என்று பத்தாம் வகுப்பில் படித்தீர்களே, அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு. வள்ளுவர் ‘சொல்வன்மை’ என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார், 65-ஆவது. அதை அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளோடு வைத்திருக்கிறார். பேச்சு பலித்தால் ஒரு நாடு பிழைக்கும், பலிக்காவிட்டால் கெடும் என்பதால் அதை அங்கே வைத்தார் என்று நான் படிக்கிறேன். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதையே மூன்றாகப் பிரித்தார்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்கிறவர் மனத்தில் எழும் உணர்ச்சி, பேச்சுக்குள் இருக்கும் நியாயம்.

உண்மை பேசுகிறவருக்கும் இது தேவை. ‘விடாமுயற்சி வேண்டும்’ என்பதும் உண்மைதான். அந்த உண்மையைக் கேட்டு யாராவது நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

எப்பப் பார்த்தாலும் ஒபாமா பேச்சையே உதாரணம் காட்டறீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

மாணவிகள் எடுத்துக்கொண்டு வரும் வீடியோ பெரும்பாலும் அதுதான் என்பது முதல் காரணம். 2012 மே 14 அன்று நியூயார்க்கில் பர்னார்ட் என்ற பெண்கள் கல்லூரியில், அதிபராக இருந்தபோது ஒபாமா பேசினார். மாணவிகளுக்கு மூன்று அறிவுரை சொன்னார். கூட்டத்தில் கலந்துகொண்டால் மட்டும் போதாது, மேசையில் உங்கள் நாற்காலிக்குச் சண்டை போடுங்கள், முடிந்தால் தலைமை நாற்காலிக்கே போடுங்கள் என்பது முதலாவது. உங்களைப் பார்த்து இன்னொருத்தி வருவாள், அந்த முன்மாதிரியின் பலத்தைக் குறைத்து எடை போடாதீர்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது, விடாதீர்கள்.

மூன்றுமே எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே எதை வைத்து முட்டுக்கொடுத்தார் என்று பாருங்கள், பேச்சுக்கலை அங்கேதான் இருக்கிறது. அவர் அரசியல் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஒரு ஆம்பளை வந்து பொண்ணுங்ககிட்ட ‘விடாதீங்க’ன்னு சொன்னா எடுபடுமா?

எடுபடாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஒபாமாவுக்கு அது தெரிந்திருந்தது. பர்னார்டுக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் கொலம்பியாவில் அவர் படித்து முடித்தது 1983-ல். கொலம்பியா கல்லூரி பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டதும் அதே வருடம்தான். ஆக, தான் பெண்களைச் சேர்க்காத கல்லூரியில் படித்தவன் என்பதை மறைக்காமல் தொடங்க அவருக்கு ஒரு வழி கிடைத்தது.

அப்புறம் தான் பார்த்ததைச் சொன்னார். தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்த அம்மா. வங்கியில் செயலாளராகச் சேர்ந்து துணைத்தலைவர் வரை உயர்ந்து, அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்ட பாட்டி. பாட்டியைவிடத் தகுதி ஒன்றும் கூடுதலாக இல்லாத ஆண்கள் அவரைத் தாண்டி ஏணியில் ஏறினார்கள். ‘உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும்’ என்று ஓர் ஆண் சொன்னால் அரங்கம் சிரிக்கும். ‘என் பாட்டிக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்’ என்றால் கேட்கும். நம் ஊர் விருந்தினர்களிடமும் இதைத்தான் சொல்லி அனுப்புவேன்: சார், உங்கள் வீட்டில் யார் படிப்பை நிறுத்தினார்கள், அதைச் சொல்லுங்கள்.

அந்த ‘செக்ரட்டரி’ ஜோக்குக்கு ஏன் கை தட்டினாங்க? எனக்குப் புரியவே இல்லை.

அதே பேச்சில் ஒபாமா சொன்னது அது. ஹில்டா சோலிஸ் என்பவர் பள்ளியில் படித்தபோது, இவள் கல்லூரிக்குச் சரிப்பட மாட்டாள், செக்ரட்டரி வேலைக்குப் போகட்டும் என்று ஆலோசகர் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் கடைசியில் செக்ரட்டரியாகவே ஆனார், அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செக்ரட்டரியாக. அந்த நாட்டில் அமைச்சருக்கு அதுதான் பதவிப் பெயர். ஒபாமாவின் அமைச்சரவையிலேயே இருந்தார்.

நம்மிடம் இதற்கு இரட்டுற மொழிதல் என்று பெயர், சிலேடை. காளமேகம் இதில் கெட்டிக்காரர். இங்கே சிலேடை வெறும் விளையாட்டாக நிற்கவில்லை. எந்த வார்த்தையால் ஒரு பெண்ணை மட்டம் தட்டினார்களோ, அதே வார்த்தை கிரீடமாகித் திரும்பி வருகிறது. பேசுகிறவர் அந்த ஆலோசகரைத் திட்டவே இல்லை. அரங்கம் தானாகவே திட்டிக்கொண்டது, சிரித்தபடியே.

எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சீஃப் கெஸ்ட் இங்கிலீஷ்லதான் பேசுவார். அம்மா உக்காந்து என்ன பண்ணுவாங்க?

இதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன், பின்னால் வரும் பதில்களுக்கும் அது வேண்டியிருக்கும். சில வருடங்களுக்கு முன், ஒரு பெரிய கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்த ஒரு பெண்மணி பேச வந்தார். நல்ல குரல், அழகான ஆங்கிலம். விடாமுயற்சி என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள அந்த வார்த்தையை 14 தடவை சொன்னார். நான் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன், கெட்ட பழக்கம்.

எனக்கு முன் வரிசையில் ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா. பூக்கட்டி விற்கிறவர், விரல் நுனியில் வாழைநார்க் கறை. பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் சின்ன மகள், அக்காவின் விழாவுக்காக அரை நாள் லீவு போட்டவள், அம்மாவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள். “விடாம முயற்சி பண்ணணுமாம்மா.” அம்மா கேட்டார்: “எதை?” சின்னவள் மேடையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் காத்திருந்து கேட்டாள். “அதைச் சொல்லலைம்மா” என்றாள்.

இருபது வருடம் நான் வகுப்பில் சொன்ன விமர்சனத்தைவிட அந்த ஒரு சொல் கூர்மையானது. உங்கள் கேள்விக்கு நேர் பதில் இது: பேச்சின் நடுவில் இரண்டு வரி கன்னடத்திலும் இரண்டு வரி தமிழிலும் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரியில் ‘எதை’ என்பது இருக்கட்டும்.

கதை சொல்லணும்னு எல்லாரும் சொல்றாங்க. எந்தக் கதையைச் சொல்றது?

கிளம்பிவிடலாம் என்று எழுந்த நிமிடத்தின் கதையை. ஒபாமா சொன்னது அதுதான். சிக்காகோவில் இளைஞனாகச் சமூக வேலை செய்தபோது, ரவுடிக் கும்பல்கள் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். வாரக்கணக்கில் உழைப்பு, வரிசை வரிசையாக நாற்காலி. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் சில வயதானவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டி கையைத் தூக்கி, ‘பிங்கோ ஆட்டம் இங்கேதானா?’ என்று கேட்டார். அவ்வளவுதான் கூட்டம். இரண்டு வருடமாக உழைத்தும் கையில் ஒன்றும் இல்லாத தொண்டர்கள், நாங்கள் விலகுகிறோம் என்றார்கள். அவருக்கும் அதே எண்ணம்தான். அப்போது வெளியே பார்த்தார். எதிரே காலி மனையில் சில பையன்கள், பலகை அடித்து மூடிய கட்டிடத்தின் மேல் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். நேரம் ராத்திரி. ‘நீங்கள் விலகினால் அந்தப் பையன்களுக்கு என்ன ஆகும்?’ என்று தொண்டர்களிடம் கேட்டார். ஸ்ரீராமபுரத்து அம்மாவின் ‘எதை?’க்கு அங்கே பதில் இருக்கிறது, கல்லோடு கையோடு. இதே கதையை அவர் 2008-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் சொல்லியிருக்கிறார். நல்ல கதையை இரண்டு மேடையில் சொல்லலாம், தப்பில்லை.

நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. யஷ்வந்த்பூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது இந்திய அறிவியல் கழகத்தின் மதில் வருகிறதே, அங்கே 1933-ல் கமலா பாக்வத் என்ற பெண் விண்ணப்பித்தார். பம்பாயில் பி.எஸ்ஸி.யில் முதலிடம் பெற்று வந்தவர். இயக்குநராக இருந்தவர் சர் சி.வி. ராமன், நம் தமிழர், நோபல் பரிசு பெற்றவர். பெண் என்பதால் இடம் மறுத்தார். அந்தப் பெண் அவர் அறை வாசலில் சத்தியாகிரகம் இருந்தார். கடைசியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்: ஒரு வருடம் தகுதிகாண் காலம், ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக் கூடாது. கமலா வேலையில் தன்னை நிரூபித்த பிறகு மற்றப் பெண்களுக்கும் அங்கே கதவு திறந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற அவரைக் கமலா சோஹோனி என்றால் தெரியும். ‘சாதித்தார்’ என்று முடித்துவிட்டால் இது சப்பென்று போகும். சேர்த்துக்கொண்ட விதத்தில் இருந்த அவமானத்தைக் கடைசி வரை மறக்கவில்லை என்று அவரே பேசியிருக்கிறார். அந்தக் கசப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்கிற பெண் நம்புவாள்.

நான் நேரில் கேட்டதில் சிறந்தது ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் சொன்னது. ராஜினாமா கடிதத்தை எழுதி யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டே நைட் டியூட்டிக்குப் போனாராம். கொடுக்க நேரமே கிடைக்கவில்லை. காலையில் யூனிஃபார்ம் சலவைக்குப் போயிற்று, கடிதமும் கூடப் போயிற்று. “திரும்ப எழுத சோம்பலா இருந்துச்சு, 31 வருஷம் ஓடிப்போச்சு” என்றார். அரங்கமே அதிர்ந்தது.

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னா போர் அடிக்காதா? ஆனா பெரிய பேச்சாளருங்க அதைத்தானே பண்றாங்க?

அந்த 14 தடவையைப் பார்த்தோமே, அது போர். பின்வருநிலையணி என்பது வேறு. வந்த சொல்லே வந்தாலும் ஒவ்வொரு தடவையும் புதுச் சுமையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒபாமா அதே உரையில், ‘இப்படித்தான் பெண்ணுரிமை கிடைத்தது, இப்படித்தான் வாக்குரிமை கிடைத்தது, இப்படித்தான் தொழிலாளர் உரிமை கிடைத்தது’ என்ற பாணியில் அடுக்கினார். ‘இப்படித்தான்’ மாறவில்லை. அதன் தோளில் ஏறுவது மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

தமிழ் மேடையில் வளர்ந்த நமக்கு வேறொரு ஆபத்து உண்டு. அடுக்குமொழி வாயில் தானாக ஊறும். ‘படிப்பு, பண்பு, பணிவு’ என்று எதுகை மோனைக்காக மூன்றாவது வார்த்தையைத் தேடி எடுப்போம். பெண்கள் கல்லூரி மேடையில் ‘பணிவு’ அப்படித்தான் அடிக்கடி வந்து உட்கார்கிறது. மோனை கொண்டுவந்து கொடுத்தது என்பதற்காக ஒரு கருத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

திட்டினதே கோஷமா மாறிச்சுன்னு ஒரு தடவை சொன்னீங்களே, அது என்ன?

2017 பிப்ரவரி 7, அமெரிக்க செனட். ஜெஃப் செஷன்ஸ் என்பவரை அட்டர்னி ஜெனரலாக நியமிப்பதை எதிர்த்து எலிசபெத் வாரன் பேசினார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா 1986-ல் அதே மனிதருக்கு எதிராக எழுதிய கடிதத்தைப் படித்தார். பேச்சு நிறுத்தப்பட்டது. பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் அதற்கு விளக்கம் சொன்னார்: அவரை எச்சரித்தோம், காரணம் சொன்னோம், அப்படியும் அவர் விடவில்லை.

புகாராகச் சொன்ன வாக்கியம் மறுநாளே டீ-ஷர்ட்டில் ஏறிவிட்டது. அதன் அமைப்பைப் பாருங்கள். மூன்று குட்டி வாக்கியம், முதல் இரண்டில் தடுப்பவர்கள், மூன்றாவதில் அவள். எழுதி வைத்துத் திட்டமிட்டாலும் இப்படி அமையாது. சிலேடைக் கதையும் இதுவும் ஒரே குடும்பம்: எதிராளியின் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொள்வது.

‘விடாதே’ங்கறதும் ‘பொறுத்துப் போ’ங்கறதும் ஒண்ணுதானே? எங்க பாட்டியும் இதையேதான் சொன்னாங்க.

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் குரலில் கோபம் இருந்தது. கோபம் நியாயமானது. நம் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லப்படும் ‘பொறுமை’, ‘சகிப்பு’, ‘அனுசரிச்சுப் போ’ எல்லாம் மேடையில் ‘விடாமுயற்சி’ என்ற புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிடும். அழுது வீங்கிய முகத்தோடு அம்மா வீட்டுக்கு வந்தவளிடமும், மூன்றாவது முறை நேர்காணலில் தோற்றவளிடமும் ஒரே வார்த்தையைச் சொல்ல முடியாது.

நான் வைத்திருக்கும் சோதனை அந்தப் பூக்கார அம்மா தந்தது. எதை? அந்தக் கேள்விக்கு அவளுடைய சொந்த ஆசை பதிலாக வந்தால், அது விடாமுயற்சி. வேறொருவரின் வசதி பதிலாக வந்தால், அது பொறுத்துப் போவது. எம்.காம். முடிக்க வேண்டும் என்று மூன்று வருடம் காலை நாலரைக்கு எழுந்திருப்பது முதல் வகை. அடிக்கிறவனோடு ‘குடும்ப மானத்துக்காக’ இருப்பது இரண்டாவது வகை, அதை விட்டுவிடத்தான் வேண்டும். நல்ல பேச்சாளர் இந்த இரண்டையும் பிரித்து ஒரு வாக்கியமாவது சொல்வார். சொல்லாமல் போனால், அரங்கத்தில் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவள் தப்பான அர்த்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போவாள். பாட்டி சொன்னதும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. கிளம்பினால் போய் நிற்க இடம் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர் அவர்.

தடை வெளியில இருக்கு. முயற்சி மட்டும் நாங்களே பண்ணணுமா? கடுப்பா இருக்கு மேடம்.

பர்னார்டில் ஒபாமாவுக்கு முந்தின வருடம், 2011-ல், ஃபேஸ்புக்கில் பெரிய பொறுப்பில் இருந்த ஷெரில் சாண்ட்பெர்க் பேசினார். ‘கிளம்புவதற்கு முன்பே கிளம்பிவிடாதீர்கள்’ என்பது அவர் வாதம். இன்னும் பிறக்காத குழந்தைக்காக இன்றைக்கே பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லாதே என்று பொருள். கூர்மையான வரி, எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாப் பாரத்தையும் பெண் தலையில் தூக்கி வைக்கிறார் என்று அவர் மேல் விமர்சனம் வந்தது. 2018-ல் மிஷெல் ஒபாமாவும் ஒரு மேடையில், சாண்ட்பெர்க்கின் ‘லீன் இன்’ என்ற புத்தகத் தலைப்பைத் தொட்டு, முன்னே சாய்ந்தால் மட்டும் எல்லா நேரமும் போதாது என்று பச்சையாகவே சொன்னார். கணவர் இறந்த பிறகு சாண்ட்பெர்கே, துணை இல்லாத தாய்மார்களின் கஷ்டம் தனக்கு முன்பு சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று 2016-ல் எழுதினார். பேச்சாளர் தன் பழைய பேச்சைத் திருத்திக்கொள்வது அபூர்வம்.

முயற்சி மட்டும் போதாது என்பது, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதாவின் கதையில் தெளிவாகத் தெரியும். 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-ல் மின்பொறியியல் முடித்தார். சான்றிதழில் ‘அவன்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே வைத்திருந்தார்கள், அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுத வேண்டியிருந்தது. படித்தது அவர் முயற்சி. ஆனால் அங்கேயே பேராசிரியராக இருந்த அப்பா, சேர்க்கச் சம்மதித்த முதல்வர், பேனாவை எடுத்துத் திருத்தியவர், இவர்களும் கதையில் உண்டு. மேடையில் பேசுகிறவர் மாணவிகளிடம் மட்டும் பேசிவிட்டு இறங்கக் கூடாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்தைப் பார்த்து, உங்கள் படிவங்களில் இன்னும் எங்கெல்லாம் ‘அவன்’ இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

தனியாகத்தான் முயல வேண்டும் என்றும் இல்லை. 2016 ஏப்ரலில் இதே பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பி.எஃப். பணம் எடுக்கும் விதியை மாற்றியதை எதிர்த்து ரோட்டில் இறங்கினார்கள். இரண்டே நாளில் மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அங்கே சீஃப் கெஸ்டும் இல்லை, மைக்கும் இல்லை. அவர்களுடைய மகள்கள் சிலர் என் வகுப்பில் இருந்தார்கள்.

நல்ல உவமை ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். சொல்லலாமா?

சொல்லும் முன் எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். இந்திரா நூயி நம் சென்னையில் பிறந்தவர், பெப்சிகோவில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 2005 மே மாதம் கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் பட்டமளிப்பில் ஐந்து கண்டங்களை ஐந்து விரலுக்கு ஒப்பிட்டார். வட அமெரிக்கா நடுவிரல் என்றார். அது நீளமான, வலுவான விரல், ஆனால் பார்த்துப் பயன்படுத்தாவிட்டால் வம்பு என்பது அவர் கருத்து. அந்த ஊரில் நடுவிரலைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய சர்ச்சையாகி வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. சொல்ல வந்த கருத்து யார் நினைவிலும் இல்லை, விரல் மட்டும் நிற்கிறது.

சொந்த துக்கத்தை மேடையில சொல்லலாமா? அழுதுட்டா?

ஆறிய புண்ணைக் காட்டலாம். இன்னும் ரத்தம் வருவதைக் காட்டினால் கேட்பவர்கள் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள், விழா அவர்களுடையது என்பது மறந்துபோகும். சாண்ட்பெர்க் 2016-ல் பெர்க்லி பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் கணவரின் மரணத்தைப் பற்றிப் பேசினார், இறந்து ஒரு வருடம் கழித்து. பேசிய இடத்தில் குரல் உடைந்தது, ஆனால் பேச்சு உடையவில்லை. குரல் உடைந்தால் தண்ணீர் குடியுங்கள், பாட்டிலை நான் நகர்த்தி வைக்கிறேன்.

திருக்குறள் சொன்னா பழைய ஸ்டைலா இருக்காதா? கலாம் கொட்டேஷன் போடலாமா?

வாட்ஸ்அப்பில் கலாம் பெயரிலும் விவேகானந்தர் பெயரிலும் சுற்றுவதில் பலவற்றை அவர்கள் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. குறளில் அந்தத் தொல்லை இல்லை. மனப்பாடமாக ஒப்பித்தால்தான் பழைய வாடை அடிக்கும்.

‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு ‘ஆகவே வெற்றி நிச்சயம்’ என்று முடிப்பார்கள். வள்ளுவர் வெற்றி என்று எங்கே சொன்னார்? கூலி என்றார். உடம்பு பட்ட பாட்டுக்கு உண்டான கூலி. கார்மெண்ட்ஸில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அம்மாவின் மகளுக்கு அந்த வார்த்தையின் எடை உடனே தெரியும். இன்னொன்று, ‘மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து’. வண்டி சிக்கிய இடத்திலெல்லாம் தம் கட்டி இழுக்கும் எருதைப் போன்றவனிடம் வந்தால், துன்பமே துன்பப்படும். ‘இடுக்கண் இடர்ப்பாடு’ என்று கஷ்டத்தையே கஷ்டப்பட வைக்கிறாரே, அந்த நக்கலை ரசித்துச் சொல்லுங்கள், அரங்கமும் ரசிக்கும்.

எவ்வளவு நேரம் பேசணும்?

12 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு முன் என்றால் 9.

ஏஐகிட்ட எழுதி வாங்கிப் படிச்சா கண்டுபிடிச்சிடுவாங்களா?

இப்போதைக்கு நான் கண்டுபிடித்துவிடுகிறேன், ‘எதை?’ என்று கேட்டுப் பார்த்து. அதனிடம் ஒழுங்கு கேளுங்கள், பிழை திருத்தம் கேளுங்கள். சலவைக்குப் போன ராஜினாமா கடிதத்தை அதனிடம் கேட்காதீர்கள், அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நிஜமாச் சொல்லுங்க மேடம், பேச்சைக் கேட்டு யாராவது மாறியிருக்காங்களா?

பேச்சு ஒன்றால் வாழ்க்கை மாறியதை நான் பார்த்ததில்லை. விதை மாதிரி விழுந்து முளைக்கும் என்றெல்லாம் சொல்வார்கள், அது வரவேற்புரைக்கு ஆகும். ஒரே ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். ஒயிட்ஃபீல்டில் வேலை, வீடு ஜெயநகர் பக்கம், கைக்குழந்தை. தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. எழுதி வைத்த ராஜினாமா மெயில் ஒரு மாதமாக டிராஃப்ட்டில் கிடந்ததாம். அனுப்பப் போன ராத்திரி அந்த நர்ஸ் சொன்ன சலவைக் கதை ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து, எதை விடுகிறேன், எதை விடவில்லை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினாள். கம்பெனி, பஸ், அந்த மேனேஜர் எல்லாம் ஒரு பக்கம். டெஸ்டிங் வேலை மறுபக்கம். மெயிலை அனுப்பிவிட்டாள். இப்போது சம்பளம் குறைவுதான், ஆபீஸ் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், வேலை அதே டெஸ்டிங்.

“அந்த நர்ஸ் பேர் என்ன மேடம்?” என்று கேட்டாள். எனக்கும் ஞாபகம் இல்லை. பழைய அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.